மூன்று சங்கும் ஒரு மண்வெட்டியும்

பதினெட்டாம் வளைவில் என் வலது செருப்பின் வார் அறுந்தது. அறுந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளில் பையோடு, சாரலில் நனைந்தபடி பொன்முடி மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே இருபத்திரண்டு, அடிவாரத்தில் ஒன்று. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள். ஓடிப்போகிறவனுக்கு அது பெரிய உபகாரம். எவ்வளவு தூரம் தப்பித்திருக்கிறோம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வேலையை விட்டு ஓடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பிளஸ் டூவைப் பாதியில் விட்டதில் ஆரம்பித்தது. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, தம்பானூரில் லாட்ஜ், பிறகு பரோட்டாக்கடை, கரமனையில் பலசரக்கு மொத்தக்கடை, கடைசியாகக் கழக்கூட்டத்தில் ஆபீஸ். எதிலும் என்னை யாரும் வெளியே தள்ளியதில்லை. தள்ளுவதற்கு முந்தின நாளே நான் போயிருப்பேன். “நாளைக்கு வா, பேசிக்கலாம்” என்று எந்த முதலாளி சொன்னாலும் அந்தப் பேச்சுக்கு நான் இருந்ததில்லை.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு என் ஆறாவது வேலையில் அதே வாக்கியத்தைக் கேட்டேன். பன்னிரண்டே முக்காலுக்குப் பையைக் கட்டிவிட்டேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில் மனம் இலேசாகும். அன்று ஆகவில்லை. காரணம், அந்நேரம் என் மனைவி சுஜா, தம்பானூரிலிருந்து காலையில் கிளம்பிய பஸ்ஸில் உட்கார்ந்து அதே சாலையில் என்னைப் பார்க்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள்.

கழக்கூட்டத்து ஆபீசைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். பெரிய கண்ணாடிக் கட்டிடம். அதைப் பராமரிக்கும் காண்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு வேலை. ஏசி அதிகம், ஏசி போதாது, நான்காம் மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று வரும் புகார்களை ஸ்கிரீனில் பார்த்து ஆளை அனுப்ப வேண்டும். ஒரே மேசையின் இந்தப் பக்கத்து ஆளுக்குக் குளிரும், அந்தப் பக்கத்து ஆளுக்குப் புழுங்கும். மூன்று வருஷம் அந்த இருவருக்கும் நடுவில் வாழ்ந்தேன்.

அங்கே எனக்கு ஒரு பதவியும் இருந்தது. தீ விபத்துப் பயிற்சியில் எங்கள் பிளாக்குக்கு நான்தான் மார்ஷல். ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அலாரத்தை அடித்து, எல்லாரையும் படி வழியாக இறக்கி, ‘ஒன்றுகூடும் இடம்’ என்ற போர்டுக்குக் கீழே நிற்க வைத்து, பேர் கூப்பிட வேண்டும். அலாரம் அடித்ததும் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? டீயைக் குடித்து முடிப்பார்கள். “டிரில் அல்லே சேட்டா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று தெரிந்த பிறகு போனைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள். அப்படியிருந்தும் ஒருமுறை எல்லாரையும் பதினோரு நிமிஷத்தில் இறக்கிவிட்டேன். மேலதிகாரி கைகுலுக்கி ஒரு பீங்கான் கப் கொடுத்தார். (என் வாழ்க்கையில் வேலை செய்ததற்காகக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். காது உடைந்த பிறகும் வைத்திருக்கிறேன்.)

பிறகு ஒருநாள், குளிர்கிறது என்ற ஆளும் புழுங்குகிறது என்ற ஆளும் ஒரே நிமிஷத்தில் புகார் அனுப்பினார்கள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் தெரிந்ததும் கண்ணாடிதான். மலைக்குப் போய்விடுவோம் என்று தோன்றியது. பொன்முடிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடை போட ஆள் வேண்டும் என்று ஒரு லாரி டிரைவர் சொல்லியிருந்தார். எடை போட வேண்டும், நேரத்துக்கு ஃபாக்டரிச் சங்கை ஊத வேண்டும், தங்க லயத்தில் ஒரு வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர்.

சுஜாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டாள்.

“இது எத்தனாவது?”

“ஆறாவது.”

“சரி, போங்க. ஒரு மாசம் முழுசா அங்க நின்னு காட்டுங்க. நின்னா இந்த மெஷினையும் தூக்கிட்டு நான் வாறேன். இடையில ஓடி வந்தீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுல இருந்துக்கறேன். நீங்க அடுத்த மலைக்குப் போங்க. விளையாட்டுக்குச் சொல்லல, கேட்டீங்களா?”

அவள் விளையாட்டுக்குச் சொல்பவள் அல்ல.

அன்று இருபத்தாறாவது நாள். இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பியிருந்தாள்.

அந்த இருபத்தாறு நாளும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஃபாக்டரி வாசலில் நின்று எடை போட்டேன். அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும் வைத்துக்கொள்ளப் பழகினேன். போர்வை காயவே காயாது என்பதை ஒப்புக்கொண்டேன். காட்டெருமை சாலையில் நின்றால் அது நகரும் வரை நாம் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இதிலெல்லாம் கஷ்டம் என்று எதுவும் இல்லை. பரோட்டாக்கடையின் பின்கட்டில் படுத்தவனுக்கு லயம் ஒரு பங்களா.

அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மேல் சூப்பர்வைசராக இருந்தவர் புஷ்பம் அக்கா. உயரமான ஆள், தலையில் எப்போதும் ஒரு துவர்த்துத் துண்டு கட்டியிருப்பார். நான் சேர்ந்த அன்று சங்கின் சுவிட்சைக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

“நீளமா ஒண்ணு ஊதினா வேலைக்கு. உச்சைக்கு ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு தடவ விட்டு விட்டு ஊதினா உருள் பொட்டுதுன்னு அர்த்தம், மண்ணு சரிஞ்சு வருது. அப்ப கேள்வி கேக்காம எல்லாவனும் மேட்டுக்கு ஓடணும். மனசிலாச்சா தம்பி?”

ஏழு மழைக்காலத்துக்கு முன் கீழ் லயத்தின் பின்சுவர் மண்ணோடு சேர்ந்து உள்ளே வந்ததாம். இடுப்பு வரை புதைந்தவர்களில் புஷ்பம் அக்காவும் ஒருவர். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் முறைப்படி இல்லையே என்று நினைத்தேன். ஒன்றுகூடும் இடத்துக்குப் போர்டு இல்லை. பெயர்ப் பட்டியல் இல்லை. எத்தனை நிமிஷத்தில் வெளியேறுகிறார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. மலைக்கு வந்தும் என்னுள்ளே இருந்த மார்ஷல் சாகவில்லை. (ஆபீஸ் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து கொண்டுவந்திருந்தேன். மறந்து என்றுதான் அன்றும் சொன்னேன்.) சுஜா வருகிற நாளில் நல்லபடியாக ஒரு டிரில் நடத்தி, ஃபாக்டரி ஆபீசர் ராஜேந்திரன் சார் அவள் கண் முன்னால் என் கையைக் குலுக்கினால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். யோசித்ததோடு விட்டிருக்கலாம்.

ராஜேந்திரன் சாருக்கு வாட்ஸாப்பில் எழுதினேன்: “சார், நாளை காலை பதினொன்று பத்துக்கு முன்னறிவிப்பில்லாத பாதுகாப்புப் பயிற்சி நடத்த அனுமதி வேண்டும்.” கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. எனக்கு வந்த முதல் எழுத்துப்பூர்வமான அனுமதி. சார் யாருடைய குட்மார்னிங்குக்கும், இரங்கல் செய்திக்கும்கூட, படிக்காமல் அதே கட்டைவிரலைத்தான் அனுப்புவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

காலை பதினொன்று பத்து. மழை பிடித்திருந்தது. ஜாக்கெட்டைப் போட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பேரின் பெயர் எழுதிய பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டேன். போனில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். மூன்று முறை சங்கை ஊதினேன்.

காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் களத்தைத்தான் ஒன்றுகூடும் இடமாக முடிவு செய்திருந்தேன். விசாலமான சமதளம். அங்கே போய் நின்றுகொண்டேன். டீயைக் குடித்துவிட்டு, முணுமுணுத்தபடி, ஒவ்வொருவராக வருவார்கள் என்று பார்த்தேன்.

யாரும் வரவில்லை. ஆனால் சத்தம் வந்தது. தேயிலைச் சரிவு முழுக்க ஒரே கூப்பாடு. கொழுந்துக் கூடைகள் உருண்டன. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக அறைந்து திறந்தன. நான்கு பேர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் கால் விளங்காத ஒரு பெரியவர் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒருவன் உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு ஓடினான். எல்லாரும் ஓடியது மேல்நோக்கி, மாடசாமி கல் நிற்கும் மேட்டுக்கு. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆபீசில் மூன்று வருஷம் அலாரம் அடித்தேன், ஒருதடவைகூட நிஜமில்லை. அதனால் அலாரம் என்றால் டிரில். இங்கே ஒருதடவைகூட டிரில் இருந்ததில்லை. அதனால் சங்கு என்றால் மண்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பட்டியலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது நிமிஷத்தில் மொத்த எஸ்டேட்டும் மேட்டில் இருந்தது. கழக்கூட்டத்தில் கேட்டால் நம்பமாட்டார்கள்.

ஆறாவது நிமிஷத்தில் மேட்டிலிருந்து ஒரே ஒரு உருவம் கீழே இறங்கியது. தலைத்துவர்த்து அவிழ, வழுக்கி, எழுந்து, மறுபடி வழுக்கி வந்தது. புஷ்பம் அக்கா. என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தினார்.

“எலே, இங்க என்னத்துக்குடே நிக்க? மண்ணு எறங்கினா மொதல்ல இங்கதான் வரும். ஏறு. மேல ஏறு.”

“அக்கா, நான் வந்து...”

“பேசாத. எண்ணிப் பாத்தா ஒரு ஆள் குறையுது. எடைக்காரத் தம்பியக் காணோம்னு அங்க எல்லாவனும் அலறுதான்.”

மேட்டுக்கு வந்ததும் வீட்டு வீடாக எண்ணுவது அவர்கள் வழக்கம். எண்ணிக்கை சரியாகும் வரை யாரும் உட்காரக்கூடாது. ஒரு ஆள் குறைந்தால் ஒரு ஆள் திரும்ப இறங்க வேண்டும். அன்று குறைந்தது நான். இறங்கியது, ஒருமுறை இடுப்பு வரை புதைந்து எழுந்தவர். ஜாக்கெட்டின் காலரைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். நடுவில் நான் ஒருமுறை விழுந்தபோது திட்டிக்கொண்டே தூக்கிவிட்டார். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மேட்டில் ஏறியதும், “சரியாச்சு, ஆள் கிட்டியாச்சு” என்று யாரோ சொல்ல, எல்லாரும் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தார்கள். புஷ்பம் அக்கா தன் துவர்த்தைப் பிழிந்து என் தலையில் போட்டுத் துடைத்துவிட்டார். ஃபாக்டரி அடுப்பில் விறகு போடும் சாமுவேல் அண்ணன் என் தோளைத் தட்டினார்.

“தம்பிதான் பாத்து ஊதியிருக்கு. நல்ல கண்ணு. எந்தப் பக்கம் பொட்டுச்சுடே?”

நூற்று நாற்பத்திரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. அவற்றில் இருந்தது நன்றி. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் தயாராக இல்லை. என் கை தானாக எழுந்து, பனிமூட்டத்தில் ஒரு திசையைக் காட்டியது.

எல்லாரும் அந்தத் திசையைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் இல்லை, இரண்டு நிமிஷம் இல்லை. முக்கால் மணி நேரம். ஒரு பெண் வாய்க்குள் ஜெபம் சொன்னாள். பக்கத்திலேயே இன்னொருத்தி மாடசாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். மரக்கிளை முறிந்தாலும் நூறு பேர் எழுந்தார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். வராத மண்ணுக்காக அத்தனை பேரோடும் சேர்ந்து நானும் காத்திருந்தேன். வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான். கடைசியில், ஒரு சின்ன மண்ணாவது விழாதா என்று நானும் மாடசாமியிடம் வேண்டிக்கொண்டேன். இதைவிடக் கேவலமான பிரார்த்தனையை நான் செய்ததில்லை.

கூட்டத்தில் இருந்த ராஜேந்திரன் சார் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் ஜாக்கெட்டைப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார். கையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்.

“எடோ, இது எந்தா?”

“டிரில், சார்.”

“எந்து டிரில்?”

“சார் நேற்று அனுமதி கொடுத்தீங்களே. கட்டைவிரல்.”

அவர் போனை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் செய்தியை முதல்முறையாகப் படித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

“அப்போ உருள் பொட்டல? சும்மா ஊதினதா?”

யாராவது திட்டியிருந்தால் நின்றிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. நாற்காலியைத் தூக்கிய நான்கு பேரும் மறுபடி தூக்கினார்கள். சாமுவேல் அண்ணன் ஃபாக்டரியைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். காயவைக்கும் மெஷினில் அவர் விட்டுவிட்டு வந்த தூள் கருகும் வாசனை மேடு வரை வந்திருந்தது. புஷ்பம் அக்கா எழுந்தார். என் தலையில் கிடந்த துவர்த்தை எடுத்து, உதறி, தன் தலையில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ராஜேந்திரன் சார் போகும்போது சொன்னார். “நாளைக்குக் காலையில மஸ்டருக்கு வா. பேசிக்கலாம்.”

அதற்குப் பிறகுதான் பையைக் கட்டியது, செருப்பு அறுந்தது எல்லாம். சுஜாவின் பஸ்ஸை வழியிலேயே நிறுத்தி, எஸ்டேட்டை மூடிவிட்டார்கள் என்று சொல்லி, அதே பஸ்ஸில் அவளோடு இறங்கிவிடுவது என் திட்டம்.

பன்னிரண்டாம் வளைவில் திட்டம் முடிந்தது. சாலையின் குறுக்கே மண் கிடந்தது. அரை லாரி இருக்கும், நடுவில் வேரோடு ஒரு மரம். அந்தப் பக்கம் பஸ் நின்றது. டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். மண்ணுக்கு அப்பால், குடையும் தூக்குவாளியுமாக, சுஜா.

அவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள்.

“எங்க கிளம்பியாச்சு?”

“உன்ன அழைக்கத்தான்.”

“பையோடயா?”

“ஈரத்துணி. காயப்போடலாம்னு.”

“மழையிலயா?”

நான் செருப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். திரும்பி பஸ்ஸை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். பஸ் எப்படியும் கீழேதான் திரும்பும். அம்மா வீடும் அந்த வழியில்தான்.

அப்போது எனக்குப் பின்னால் ஆள் சத்தம் கேட்டது. ரோட்டில் மண் விழுந்ததாக யாரோ போன் செய்திருந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து முப்பது பேர் மண்வெட்டியும் அரிவாளுமாக இறங்கி வந்தார்கள். முன்னால் புஷ்பம் அக்கா. என்னையும் பையையும் பார்த்து நின்றார். சாமுவேல் அண்ணன் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

“ஒம் வீட்டுக்காரியாடே?”

தலையாட்டினேன்.

“யம்மா தங்கச்சி, ஒம் புருசன் இன்னைக்கு சங்கு ஊதினாரு. அவரு ஊதின ஊத்துல பயந்துபோயிதான் மலை இங்க வந்து விழுந்து கெடக்கு.”

முதலில் சிரித்தது பஸ் டிரைவர். பிறகு முப்பது பேரும். காலையிலிருந்து அடைத்துக்கிடந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்த மாதிரி சிரித்தார்கள். சாமுவேல் அண்ணன் முழுக் கதையையும், நான் ஜாக்கெட் போட்டு நின்ற விதத்தையும் பனிமூட்டத்தைக் கைகாட்டிய விதத்தையும் நடித்தே காட்டினார். சுஜா சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஆள் குறையுதுன்னு திரும்பி எறங்கினது நீங்களா?”

“ஆமாம்மா.”

“இவரத் தேடியா?”

“அப்பத் தெரியாதுல்ல, இது இவன் வேலைன்னு. தெரிஞ்சிருந்தா மெதுவாப் போயிருப்பேன்.”

சுஜா என் பக்கம் திரும்பினாள். “இதுக்கு முன்னால எந்த வேலையிலயாவது உங்களக் காணோம்னு யாராச்சும் தேடியிருக்காங்களா?”

யோசித்துப் பார்த்தேன். லாட்ஜ்காரர் ஒருமுறை தேடினார். அது நான் எடுத்துக்கொண்டு போன சாவிக்கொத்துக்காக.

“இல்ல.”

அவள் குடையை மடக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்மேல் ஏறினாள். புஷ்பம் அக்கா கையை நீட்டி இந்தப் பக்கம் இழுத்துவிட்டார். என்னைத் தாண்டி மேலே நடந்துகொண்டே சொன்னாள்.

“இன்னும் நாலு நாள் இருக்குல்ல. எங்க அந்த லயம்?”

எங்கள் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். அன்று பிறந்தேயிருக்காத என் மகள்தான் முதலில் ஓடுவாள். “அப்பா, எந்தப் பக்கம்?” என்று அவள் கேட்க வேண்டும், நான் கையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சோறு கிடையாது. வயநாட்டிலோ இடுக்கியிலோ மழை என்று செய்தி வந்தால் கரமனையிலிருந்து மச்சான் போன் செய்து, நான் எதையாவது ஊதினேனா என்று விசாரிப்பார். புஷ்பம் அக்கா மட்டும் இந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை. மழைக்காலம் தொடங்கினால், எனக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பதுபோல் பக்கத்தில் வந்து ஒருமுறை மூணு சங்கைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார்.

சங்கு ஊதியதற்கு மறுநாள் காலை மஸ்டருக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பேச்சுக்கு இருந்தேன். பேச்சு இரண்டே வாக்கியம். “சங்கின்ற பக்கத்தில இனி உன்னக் காணக்கூடாது. பன்னிரண்டாம் வளைவில மண்ணு வாரப் போ,” என்றார் ராஜேந்திரன் சார். ராத்திரி மழையில் அங்கே இன்னும் இரண்டு லாரி மண் இறங்கியிருந்தது.

கிளம்பும் முன் புஷ்பம் அக்கா ஆளை எண்ணினார். விரல் ஒவ்வொரு தலையாக நகர்ந்து, என்மேல் வந்து, கொஞ்சம் நின்றது.

“முப்பத்தொண்ணு,” என்று சொல்லி மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.